மூன்று மா நிலமும் காளியம்மாளின் ஞானமும்

மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டுதான் காளியம்மாள் உலகம் நிலையில்லாதது என்று சொல்கிறார். சொல்லும்போதே வாய்க்காலை எட்டிப் பார்க்கிறார், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று. பிறகு தாமே சிரித்துவிடுகிறார். "பேச்சப் பாருங்க, பார்வையப் பாருங்க. ரெண்டும் ஒரே மனுசியா?"

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி, ஆற்றங்கரையோடு நடந்தால் அவருடைய ஊர். வெற்றிலைக் காவி ஏறிய பல். எதிர்க்கரைக்குக் கேட்கிற குரல். பண்ணையில் கூலிக்கு நடவு நட்ட காலத்தில், சுற்று வட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பாரிக்கு அல்ல, ஆறுதலுக்கு. "எவன் எதைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனான்?" என்று இவர் தொடங்கினால், அழுகிறவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்பார்களாம்.

"அப்ப எனக்கு என்ன இருந்துச்சு? ஒரு சட்டி, ரெண்டு சீலை. ஒண்ணுமில்லாதவ, எல்லாத்தையும் விடுங்கன்னு சொல்றதுல என்னங்க கஷ்டம்?"

எனக்குச் சுருக்கென்றது. தஞ்சாவூரில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, பற்றற்ற வாழ்வைப் பற்றி வாராவாரம் எழுதுகிறவன் நான்.

பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. பண்ணையார் தம் நிலத்தை மாட்டுக்காரன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் எழுதி ஒளித்துவைத்தார். ஊர் செங்கொடி பிடித்து வயலில் இறங்கியது. காளியம்மாளும் அவருடைய ஓரகத்தி எல்லையம்மாளும் ஒரே போலீஸ் வேனில் ஏறி, சிறையில் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தவர்கள். கடைசியில், கறுப்பு சிவப்புத் தோரணம் கட்டிய மேடையில் அமைச்சர் ஒருவர் பட்டா வழங்கினார். ஆளுக்கு மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில்.

"அன்னிக்குத் தூக்கமே வரலைங்க. சந்தோசம்னு நெனச்சேன். மறுநாளும் வரலை. அப்பத்தான் தெரிஞ்சுது, அது பயம்னு."

சண்டை நடுவரப்புக்காக வந்தது. எல்லையம்மாள் வரப்பைச் சீவித் தன் வயலோடு சேர்க்கிறார் என்று இவர் சொன்னார். இவர்தான் சீவுகிறார் என்று அவர் சொன்னார். ஒரு சாண் மண். ஒரு கம்பளிக்குள் அடங்கிய இரண்டு பேருக்கும் அது பெரிய இடமாகிவிட்டது. பேச்சு நின்றது.

இந்த ஆடியில் எல்லையம்மாளின் கணவர் ஐயாவு பாம்பு கடித்து இறந்துபோனார். காளியம்மாள் தலைவிரிகோலமாக ஓடினார். தப்புச் சத்தத்துக்கு நடுவே ஓரகத்தியைக் கட்டிக்கொண்டு, பழைய பாடத்தை எடுத்தார். "அழுவாதக்கா. எவன் எதைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனான்? எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கும்."

எல்லையம்மாள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்தார். "அப்படின்னா அந்த வரப்ப எனக்கு விட்டுக் குடுடி."

தப்படித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்களாம். பந்தல் முழுக்க இவர் வாயையே பார்த்தது.

"'எடுத்துக்கக்கா'ன்னு ஒரே ஒரு வார்த்தை. வரலைங்க. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. எம் புருசன் பின்னாடி நின்னு இருமுறாரு, சொல்லித் தொலைடின்னு. ம்ஹூம். அதுலேருந்து ஆறுதல் சொல்ல என்னை யாரும் கூப்புடுறதில்ல. நானாப் போனாலும், ஓரமா ஒக்காந்து காப்பித் தண்ணி குடிச்சுட்டு வந்துடுறேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அந்நேரம் அவருடைய முறைத் தண்ணீர் வந்தது. மழை பொய்த்த புரட்டாசி; இரண்டு வயலும் வெடித்துக் கிடந்தன. காளியம்மாள் வாய்க்காலில் இறங்கினார். தம் மடையைத் தொடவில்லை. எல்லையம்மாளின் மடையை வெட்டித் திறந்துவிட்டார். தண்ணீர் அங்கே பாய்ந்தது. எல்லையம்மாள் தூரத்தில் வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"இது உங்க முறையாச்சே?" என்றேன்.

"ஆம்பளை இல்லாத வீடுங்க. தண்ணிக்கு எவன் வாசல்ல போய் நிக்கும் அது?"

நான் நெகிழ்ந்துபோனேன். கட்டுரைக்கு உருக்கமான முடிவு கிடைத்துவிட்ட மகிழ்ச்சியும் அதில் உண்டு. அதை இன்னும் கொஞ்சம் உருக்கமாக்கலாமே என்று, "அப்படியே அந்த வரப்பையும்..." என்று இழுத்தேன்.

காளியம்மாள் சேற்றுக் காலோடு நடுவரப்பில் ஏறி, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்றுகொண்டார்.