கூடத்தில் ஒரு எட்டடிப் படகு

சீருடை தைக்கும் எங்கள் கம்பெனியில் அவளுக்குக் கட்டிங் அக்கா என்று பெயர். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார், அவளைவிட வயதில் மூத்த வாசல் காவலாளியும் அப்படித்தான். இருபத்தாறு வருடமாகத் துணி வெட்டும் மேஜை அவள் கையில் இருந்தது. நர்சுக்கோ பள்ளிக்கூடப் பிள்ளைக்கோ தீயணைப்புக்காரருக்கோ, உடுப்பு எதுவானாலும் முதல் வெட்டு அவளுடையது. வாசலில் ஆள் வந்து நின்றாலே தோள் அளவைச் சொல்லிவிடுவாள். சரிபார்க்க டேப்பை எடுத்தவர்கள் அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டதுதான் மிச்சம். நான் பொத்தான் பிரிவு. அவள் மேஜைக்கு நேர் எதிரே என் மேஜை. இதில் பாதி நான் பார்த்தது, மீதி சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னது.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் செல்போனில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் படகு செய்துகொண்டிருந்தார். ஓரத்தில் துளை, துளைக்குள் கம்பி, கம்பியை முறுக்கினால் இரண்டு பலகையும் சேர்ந்து நிற்கும். மூட்டில் பசையைப் பூசி, மேலே துணிப்பட்டையை ஒட்டிக் காயவைத்துவிட்டால் பிறகு கம்பிக்கு வேலையில்லை. அக்கா இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

"தையல் ஒண்ணு நெருக்கம், ஒண்ணு அகலம்," என்றாள் மறுநாள். "அந்த ஆளை நம்ம கம்பெனியில ஒருநாள்கூட வச்சிருக்க மாட்டாங்க. ஆனா படகு மிதக்குது பாரு, அதான் எனக்கு ஆறல."

அதோடு போகும் என்று நினைத்தோம். அடுத்த வாரம், வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, வெட்டு மேஜையில் பழுப்புத்தாளை விரித்து வரைய ஆரம்பித்தாள். முதலில் முழநீளத்துக்கு அட்டையில் ஒரு படகு செய்தாள். அதைப் பிரித்துப் போட்டு, மடித்து, மறுபடி சேர்த்தாள். தட்டையான துணி உடம்புக்கு ஏற்ற மாதிரி குழிந்தும் புடைத்தும் வருவதற்கு எங்கே வளைத்து வெட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படகும் அதேதான் என்றாள். முகப்பு கழுத்து வளைவாம், பக்கவாட்டு கைக்குழியாம்.

ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். சூப்பர்வைசரிடம் உடம்பு இளைக்க என்றாள். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் பெஞ்சு செய்வதாகச் சொன்னாள். என்னிடம், "சட்டைன்னா உள்ள ஆள் இருந்தாதான் நிக்கும். இது தானா நிக்குமில்ல," என்றாள். எது நிஜம் என்று நான் துருவவில்லை.

பிளைவுட் கடைக்காரர், "எத்தனை அலமாரிம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"அலமாரி இல்ல. போட்டு."

"போர்டா? என்ன போர்டு, பேர்ப் பலகையா?"

"போட்டுங்க. படகு."

கடைக்காரர் அவள் பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறாரா என்று எட்டிப் பார்த்தாராம். யாரும் வரவில்லை. தண்ணீர் தாங்கும் ரகத்தில் இரண்டு பலகை எடுத்துக் கொடுத்தார்.

பலகையின் நீளம் எட்டடி, ஆகவே படகும் எட்டடி. அவள் குடியிருந்தது கீழ்வீடு. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, பன்னிரண்டடிக் கூடம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அங்கே இரண்டே பேர், அக்காவும் டிரைவரும். டிரைவர் என்றால் அவள் புருஷன். முப்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டிவந்தவர். வீட்டில் அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். சோபாவைச் சுவரோரம் நகர்த்தி, டிவியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. "வெளியே எப்படி எடுப்பாய்" என்று கேட்காத ஒரே ஆளும் அவர்தான். மற்ற எல்லாரும் கேட்டார்கள். அக்கா பலகை வாங்கும் முன்பே வாசலை அளந்திருந்தாள். படகைப் பக்கவாட்டில் சாய்த்தால் நாலு விரல் இடம் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினாள். நாலு விரலுக்கு ஒரு துளை என்று போட்டாள். நூல் பிடித்த மாதிரி வரிசை. இரண்டு மாதத்தில் தைக்க ஆரம்பித்தாள். பின்பக்கத்திலிருந்து கம்பிகளை முறுக்கிக்கொண்டே வந்தவள், முகப்புக்கு வந்ததும் பலகை அரை இஞ்ச் எட்டாமல் நிற்பதைப் பார்த்தாள். துணியென்றால் இழுத்தால் வரும் என்று வெட்டும்போதே கை கணக்குப் போட்டிருக்கிறது. குறடால் பிடித்து ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு. படாரென்று பலகை நெடுக்கப் பிளந்தது.

வீட்டுக்காரர் மாடியிலிருந்து ஓடி வந்தார். "ஏம்மா, என்ன வெடிச்சது?"

"பெஞ்சு."

அவர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "மூக்கு வச்ச பெஞ்சை இப்பத்தாம்மா பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு மேலே போனார். அதன்பிறகு வாடகை ஒப்பந்தத்தில் படகைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததாகவும் ஒன்றும் இல்லை என்றும் பின்னாளில் அவரே சொன்னார்.

இரண்டு வாரம் அக்கா படகுப் பேச்சையே எடுக்கவில்லை. வேலையில் எல்லாவற்றையும் இரண்டு தடவை அளந்தாள். நாங்கள் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தோம். மூன்றாவது வாரம் போய் இன்னொரு பலகை வாங்கி வந்தாள். இந்தத் தடவை வளைய வேண்டிய இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு, மரம் இளகும் வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். முகப்பு மூடிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு நிறுத்தத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தவர் அப்படியே அசைய முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பயணிகள் நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது, மூன்று மாதம் பலகைக் கட்டிலில் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கையறையில் காற்று வராது. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் படகு, ஒரு பக்கம் டிரைவர். இரண்டையும் திருப்பிப் போடும் வேலை அக்காவுடையது.

நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. கவிழ்த்துப் போட்ட படகைச் சுற்றி நாற்காலி போட்டு, டீ கிளாஸை அதன் முதுகில் வைத்துவிட்டுப் பேசினார்கள். டிரைவரின் கூடப்பிறந்த அக்கா வெளியூரிலிருந்து வந்து இறங்கியவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது, நீளமா, பொட்டியாட்டம்?"

"படகு அண்ணி."

"படுத்த படுக்கையா ஒரு மனுஷன் கிடக்கறான். அவன் கண்ணு முன்னாடி இப்படி ஒண்ணைச் செஞ்சு வச்சிருக்கியே, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

கட்டிங் அக்காவுக்கு அதுவரை அதில் சவப்பெட்டி தெரியவில்லை. கட்டிலையும் படகையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. டிரைவர் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும், ஆகவே நிறுத்தி நிறுத்திச் சிரித்தார்.

"எனக்கு இவ்வளவு அகலம் வேணாம்க்கா," என்றார்.

நாத்தனார் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் படகின் மேலேயே வைத்தாள்.

அவர் படுத்த ஆறாவது வாரம், அக்கா உள்பக்க மூட்டுக்குப் பசை பூசத் தயாராக இருந்தாள். பூசிவிட்டால் அப்புறம் எதையும் மாற்ற முடியாது. டிரைவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "இடது பக்கம் தூக்கலா இருக்கு."

"எல்லாம் அளந்தாச்சு."

"அளந்தே. தூக்கலா இருக்கு."

"எனக்கு அளவு சொல்றீங்களா?"

"நின்னு பாத்தா தெரியாது. இங்க வந்து படுத்துப் பாரு."

அவள் பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்து, அவர் பார்க்கும் திசையில் பார்த்தாள். முப்பது வருடம் பக்கக் கண்ணாடியில் பார்த்தே சந்துக்குள் பேருந்தை நுழைத்த கண் அது. எழுந்து குறுக்கே நூல் கட்டிப் பார்த்தாள். முகப்பில் இடது விளிம்பு ஒரு விரல் கூடுதல் உயரம். மொத்தப் படகும் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது.

"இத்தனை வருஷத்துல என் வெட்டுல ஒருத்தர் குத்தம் சொன்னதில்ல," என்றாள் என்னிடம்.

"நீங்க என்னக்கா பண்ணீங்க?"

"இருபத்திரண்டு கம்பியைக் கழட்டினேன். வேற என்ன பண்றது?"

அன்றிலிருந்து அவர் படுத்தபடியே சொல்வார், அவள் செய்வாள். சில சமயம் அவள் செய்துவிட்டுக் கேட்பாள், அவர் "ம்" என்பார். அந்த "ம்"மில் மூன்று வகை இருந்ததாம். மூன்றும் தனக்கு இப்போதுதான் பிடிபட்டது என்றாள்.

மூன்று மாதம் முடிந்து அவர் நடக்க ஆரம்பித்தார். டிப்போவுக்குப் போய் டாக்டர் கொடுத்த காகிதத்தைக் காட்டினார். இனிமேல் பேருந்து ஓட்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாகவே பேசாதவர் என்பதால் முதல் நாள் அக்காவுக்கு அது தெரியவில்லை. இரண்டாம் நாள் சாப்பாடு அப்படியே இருந்ததைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் உப்புத்தாள் எங்கே என்று கேட்டார். முக்காலியைப் போட்டுப் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த பசையின் மேடுபள்ளங்களைத் தேய்க்க ஆரம்பித்தார். அக்கா வேலைக்குப் போகும்போது தேய்த்துக்கொண்டிருப்பார், திரும்பி வரும்போதும் தேய்த்துக்கொண்டிருப்பார். புருவமெல்லாம் மரத்தூள். பதினொரு நாள் தேய்த்தார். மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை.  தீர்ந்துபோன உப்புத்தாளுக்குப் பதில் அக்கா புதியது வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவரே, "பெயின்ட் என்ன கலர்?" என்று கேட்டார்.

சாம்பல் நிறம் அடித்தார்கள். கம்பெனியிலிருந்து நாங்கள் நாலு பேர் போய்ப் படகைத் தூக்கினோம். டிரைவர் பாரம் தூக்கக் கூடாதாகையால் வாசலில் நின்று, "வரலாம், வரலாம், லேசா லெஃப்ட், போதும்," என்று கை காட்டினார். ஒரு கீறல் விழாமல் வெளியே வந்தது. வீட்டுக்காரர் மாடியிலிருந்து கை தட்டினார். சின்ன லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த ஏரிக் காவலாளி படகை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"சாருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

மிதவைச் சட்டை இல்லாமல் இறங்க விட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்கா அவர் கொட்டகையில் தொங்கிய இரண்டை இரவல் வாங்கினாள். மாட்டும் முன் உள்தையலைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

முதலில் அவள் மட்டும் ஏறினாள். படகு ஒரு பக்கமும் சாயாமல் மட்டமாக நின்றது. அவள் குனிந்து ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரே ஒரு கம்பித் துளையில் ஈரம் கசிந்தது, அதுவும் ஒரு சொட்டுக்கு மேல் இல்லை. நாங்கள் கரையில் கத்திய கத்தலுக்கு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு டிரைவரைப் பார்த்து, "வாங்க," என்றாள்.

அவர் ஏறிப் பின்பலகையில் உட்கார்ந்தார். அவள் கொண்டுவந்த இரண்டு துடுப்புகளையும் பிடித்து, போகிற திசைக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் துடுப்பை இழுத்துப் போடுகிறவர் அப்படித்தான் உட்கார வேண்டும். டிரைவருக்கு அது பொறுக்கவில்லை.

"முன்னாடி பாக்காம வண்டி ஓட்டறியா?"

"இப்படித்தாங்க ஓட்டணும்."

"எதிர்ல ஏதாவது வந்தா?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். "கல்லு இருக்கு. லெஃப்ட் ஒடி."

"என் லெஃப்டா, உங்க லெஃப்டா?"

"லெஃப்ட்னா லெஃப்ட்தான்!"

படகு வட்டமடித்தது. மறுபடி வட்டமடித்தது. தண்ணீருக்கு மேலே சத்தம் தெளிவாக வரும். அவர்கள் சண்டையை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த மனிதர் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன். கடைசியில் லெஃப்டையும் ரைட்டையும் விட்டுவிட்டு, ஏரியின் இரு கரையிலும் தெரிந்ததை வைத்து, "மலைப் பக்கம்", "மதகுப் பக்கம்" என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு படகு நேராகப் போனது.

டிரைவருக்கு டிப்போவில் நேரம் குறிக்கும் அறையில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் பிடிக்கவில்லை. இப்போது தாமதமாக வரும் ஓட்டுநர்களை விரட்டுவதில் கொஞ்சம் பிடிப்பு வந்திருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். படகு ஏரிக் கொட்டகையிலேயே கிடக்கிறது. அடிப்பக்கம் கல்லில் உரசி பெயின்ட் போன இடங்களை வருடத்துக்கு ஒரு தடவை பூசுகிறார்கள். மிதவைச் சட்டை சொந்தமாக இரண்டு வாங்கியாயிற்று. காவலாளி வேறொருவருக்காக இன்னொரு படகு செய்து தர முடியுமா என்று கேட்டபோது, கூடத்தில் இப்போதுதான் சோபாவைப் பழைய இடத்தில் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டாள்.

ஏரியில் இறங்குகிறவர்களைக் காவலாளி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். போன மாதம் நான் போயிருந்தபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வரி ஒரே மாதிரி இருந்தது: சாம்பல் படகு, இரண்டு பேர், காலை ஆறே முக்கால்.