மாடக்கண்ணு கூப்பிட்ட ஆடுகள்

காக்கிச் சட்டை போட்டால் மாடக்கண்ணுவுக்குக் கழுத்து அரிக்கும். ஐந்து வருடமாக அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் கழற்ற மாட்டார். அந்தச் சட்டை இல்லாவிட்டால் கோவில்பட்டியில் தன்னை ஒரு ஆளாகவே யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் தப்பு என்று சொல்லவும் முடியாது.

புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் அவர். மூன்று வருடம் சேர்ந்தாற்போல் வானம் ஏமாற்றியதில் ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றுத் தின்று தீர்த்தார். மிச்சம் நின்ற எட்டு உருப்படிகளை அக்காள் புருஷன் சுடலைமாடனிடம் வாரத்துக்கு விட்டார். ஆடு இவருடையது, மேய்க்கிற பாடு அவருடையது, போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. அதன்பிறகு மனைவி இசக்கியம்மாளையும் மகள் முத்துச்செல்வியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினார்.

தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன் எட்டயபுரம் ரோட்டில் கரிசல் காட்டை வாங்கி, கல் ஊன்றி, பிளாட் போட்டிருந்தார். அதற்குக் காவல்காரர் வேலை. தங்குவதற்கு ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே ஒரு குண்டு பல்பு. அந்த பல்பு வெளிச்சத்தில் படித்துத்தான் முத்துச்செல்வி ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் வந்திருந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த பிளாட்டுகளுக்கு நடுவேதான் பழைய ஆட்டுப்பாதை போனது. மாசி பிறந்து வெயில் ஏறினால் புதூர்ப் பக்கத்து மந்தைகள் மேற்கே கழுகுமலைக்கும் அதற்கு அப்பாலும் அறுத்த வயல்களில் உரத்துக்காக ராத்திரி கிடை போட இந்த வழியாகத்தான் போகும். மாடக்கண்ணுவே எத்தனையோ மாசிக்கு இதில் நடந்தவர். இப்போது அதே பாதையை மறித்துக்கொண்டு கம்பை ஊன்றி நிற்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். விதி ஒரு மனுஷனைக் கேலி பண்ணுவது என்று இறங்கிவிட்டால் அதற்குக் கூச்சநாச்சமே கிடையாது.

தை மாதம் எவனுடைய ஆடுகளோ புகுந்து, வரிசையாக நட்டிருந்த வேப்பங்கன்றுகளை மொட்டையடித்துவிட்டன. முதலாளி வந்து பார்த்தார்.

"ஒன் ஊர்க்காரனுவ ஆடுதான? நீ கண்டும் காணாம விடுத. இன்னொரு தடவ ஒன் ஆளுக ஆடு உள்ள கால வச்சுது, நீயும் பாயைச் சுருட்டிட்டுக் கெளம்பிரு."

அன்றிலிருந்து மாடக்கண்ணுவுக்குத் தூக்கம் போயிற்று. கிளம்புவது என்றால் எங்கே கிளம்புவது? ஊரில் வீடு இடிந்து கிடந்தது. மகளுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு.

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், பிளாட் பார்க்க வந்த இரண்டு பேரோடு முதலாளியின் கார் உள்ளே வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத்தானா கிழக்கு வேலி ஓட்டையில் ஆடுகள் நுழைய வேண்டும்! பின்னாலேயே வேலியை விலக்கிக்கொண்டு சுடலைமாடன் வந்தார். தோளில் கிளை வளைக்கிற துரட்டி, கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. மைத்துனனைக் கண்டதும் அந்தக் கறுத்த முகம் முழுக்கப் பல்லாக விரிந்தது.

"ஏலே..." என்று ஆரம்பித்தவர், காரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"யாருலே இவன்? ஒனக்குத் தெரிஞ்ச ஆளா?" என்றார் முதலாளி.

மாடக்கண்ணுவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் குண்டு பல்பும் மகளும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். அத்தானும் எதிரேதான் நின்றார், பத்தடி தூரத்தில்.

"தெரியாது முதலாளி. எந்த ஊரோ, என்னமோ."

அக்காளைக் கட்டிய நாள் முதல் இவரைத் தம்பியைப் போல நடத்திய மனுஷன். அம்மா செத்தபோது தோள் கொடுத்த மனுஷன்.

"அப்ப என்ன வேடிக்க பாக்க? வெரட்டு. போகாட்டி ஆட்டப் புடிச்சுப் பவுண்டுல கொண்டு அடை."

மாடக்கண்ணு கம்பை ஓங்கினார். ஆட்டை விரட்டுவதற்கு ஒரு சத்தம் உண்டு, அழைப்பதற்கு ஒரு சத்தம் உண்டு. ஐந்து வருடமாக ஊரார் ஆடுகளை "ஹேய், ஹேய்" என்று விரட்டிப் பழகிய வாய்தான். ஆனால் எதிரே நின்றவை அவருடைய ஆடுகள். அடையாளத்துக்குக் காதில் இருந்த வெட்டு அவர் கையால் வெட்டியது. வாயைத் திறந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு ஆடுகளை மட்டும் அழைக்கிற சத்தம், நாக்கை மடித்து நீளமாக, தானாக வெளியே வந்துவிட்டது.

ஆடுகள் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கின. பிறகு ஓடி வந்தன, அவரைப் பார்த்து. வந்து சூழ்ந்துகொண்டு கத்தின. ஒரு கொம்பு முறிந்த கிழட்டு ஆடு அவருடைய காக்கி முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. பிறந்த அன்றைக்கே தாயை இழந்த அதை மடியில் போட்டுப் பால் புகட்டி வளர்த்தவர் அவர்.

பிளாட் பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"என்னலே, தெரியாதுன்ன?"

பதில் சொன்னது சுடலைமாடன்தான்.

"அண்ணாச்சி, அது கிறுக்குப் புடிச்ச ஆடு. யாரு சத்தம் குடுத்தாலும் போயி ஒரசும். இவியள நான் இதுக்கு முன்னால பாத்ததே இல்ல. வழி தெரியாம வந்துட்டேன், மன்னிச்சிக்கிடுங்க."

ஒரு நாளும் 'ஏலே'யைத் தவிர வேறு எப்படியும் அழைத்திராத வாய், 'இவிய' என்று மரியாதை கொடுத்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட மாடக்கண்ணு தாங்கியிருப்பார்.

"சரி, ஓட்டிட்டுப் போ" என்று முதலாளி கையை வீசினார். சுடலைமாடன் ஆடுகளைத் திருப்பினார். கிழட்டு ஆடு மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் போனதும் மாடக்கண்ணு வேலிக்கு ஓடினார். ரோட்டில் புழுதிகூட அடங்கிவிட்டது. எல்லைக்கல்லின் மேல் அந்த மஞ்சப்பை இருந்தது. உள்ளே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம். எதற்கு என்று அவருக்குத் தெரியும். அக்காள் முத்துத்தாய்க்கு ரொம்பக் காலம் கழித்துப் பிறந்த பிள்ளை காளீஸ்வரி. பங்குனி உத்திரத்தன்று கழுகுமலையில் அவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு அழைக்க வந்திருக்கிறார்.

வெற்றிலையைக் கையில் கொடுத்து அழைப்பதுதான் முறை. கல்லில் வைத்துவிட்டுப் போனால் அது வா என்று அர்த்தமா, இத்தோடு சரி என்று அர்த்தமா? மாடக்கண்ணுவுக்கு விளங்கவில்லை.

பையைப் பார்த்ததும், "ஒங்க அத்தான் வந்தாவளா? ஒரு வாய்க் கஞ்சி குடிக்கச் சொல்லாமலா அனுப்புனிய?" என்று இசக்கியம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஆடு நிக்காதுன்னு போயிட்டாவ" என்றார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

உத்திரத்தன்று மனைவியைக் காவலுக்கு வைத்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டையும் பொட்டுக் கம்மலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். காக்கி போடவில்லை. ஆனாலும் வழி நெடுகக் கழுத்து அரித்தது.

மலையடிவாரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். மொட்டையடித்துச் சந்தனம் பூசி, பிள்ளை தயாராக இருந்தது. "தாய்மாமன் எங்க?" என்று காது குத்த வந்த ஆசாரி கேட்டார். அத்தான் பிள்ளையின் தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அக்காள்தான் கண்டுபிடித்தாள்.

"ஏலே மாடக்கண்ணு, அங்கன என்ன முழிச்சிக்கிட்டு நிக்க? ஒனக்காகத்தான இம்புட்டு நேரம் காத்துக் கெடக்கோம். வந்து உக்காரு."

அப்படியென்றால் அத்தான் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மாடக்கண்ணு குனிந்த தலையோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பார்த்தது, அதன்பிறகு இப்போதுதான். அது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வீறிட்டது.

"இது யாரு? எனக்குத் தெரியாது! தெரியாது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலைமாடன் குனிந்து பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். அவருடைய மூச்சு மாடக்கண்ணுவின் கன்னத்தில் பட்டது.

"அப்படிச் சொல்லக் கூடாது தாயி. மாமனத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார். ஊசி பட்டுப் பிள்ளை அழுவதற்கு முன்னால் மாமன் அழுதார்.

"தாய்மாமனப் பாருங்க, ஊசி இவருக்குக் குத்துன மாதிரி!" என்று யாரோ கேலி பண்ண, அக்காள் பூரித்துப்போய் முந்தானையால் தம்பியின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.