மயிரிழை உள்ளே ஓர் ஆணி

படையில் எல்லோரும் அவனைச் சுத்தி என்றுதான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடமாகக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு ஆணி இறக்கிவிடுவான். அவனுடைய அணித்தலைவனுக்கு மீசை என்று பட்டப்பெயர். பாதி முகம் அதுதான். வீரமெல்லாம் அதோடு சரி.

மூன்று வருடம் முன்பு, போருக்கு முந்தின நாள் மீசை லாயத்துக்கு வந்தான். "உடம்பு முடியலப்பா. ஒரு ஆணிய மயிரிழை உள்ள தள்ளி அடி, குதிரை நொண்டட்டும்" என்றான். குளம்புக்குள் இருக்கும் சதையை ஆணி தொட்டால் எந்தக் குதிரையும் நொண்டும். சுத்தி மறுபேச்சு இல்லாமல் அடித்துக் கொடுத்தான். மீசை கூடாரத்தில் தங்கிவிட்டான். அவன் இடத்தில் முன்வரிசைக்குப் போனவன் சுத்தியின் கூடப்பிறந்த தம்பி. உடல்கூட வரவில்லை.

அந்த ஆணியைப் பிடுங்கி இடுப்பில் முடிந்துகொண்டான் சுத்தி. மீசையையும் மன்னிக்கவில்லை, தன் கையையும் மன்னிக்கவில்லை.

நாளை மறுபடியும் போர். மதியம் மீசை லாயத்தில் வந்து நின்றான்.

"போன தடவை மாதிரியே."

"சரிங்கய்யா."

சுத்தி இந்தத் தடவை அடித்தது போல ஆயுசில் அடித்ததில்லை. குளம்பைச் சீவி, லாடத்தை மூன்று முறை காய்ச்சிப் பொருத்தி, ஒவ்வோர் ஆணியையும் பார்த்துப் பார்த்து இறக்கினான். குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் மீசைக்கு என்றைக்குமே கிடையாது.

மாலையில் தளபதி பார்வையிட வந்தார். மீசை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"குதிரை நொண்டுதுங்க. வேற யாரையாவது முன்னாடி அனுப்புங்க."

அப்படிச் சொன்னால், லாடம் அடித்தவனே குதிரையைக் கல்தரையில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது படை வழக்கம். போன தடவையும் சுத்திதான் ஓட்டிக் காட்டினான். இப்போது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முற்றம் முழுக்க ஓடினான். நாலு குளம்பும் ஒரே அளவாக விழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

"அருமையா ஓடுதே! நாளைக்கு முன்வரிசை உன்னோடதுதான்" என்று மீசையின் தோளில் தட்டிவிட்டுத் தளபதி நகர்ந்தார்.

மீசை பல்லைக் கடித்தான். "திரும்பி வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்டா."

சுத்தி இடுப்பிலிருந்த பழைய ஆணியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"வாங்கய்யா. வரும்போது என் தம்பியையும் கூட்டிட்டு வாங்க."