அடைக்கலம் செய்த இட்லி வண்டி

காட்டூரில் எங்கள் தெருக்காரர் அடைக்கலம். இருபது வருஷத்துக்கு மேல் வெல்டர். மின் நிலையங்களுக்குப் பாய்லர் பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் வேலை. ஆர்டர் நின்றது, பட்டறையை மூடினார்கள். பிறகு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு நின்றார்; வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனார். இரண்டு வேலையிலும் சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது.

முடிவெடுத்தது அவர் மனைவி ஆனந்தவள்ளிதான். ஸ்ரீரங்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் அழகிரியிடம் இட்லி வண்டி போட இடம் கேட்டார்.

"புரட்டாசி முதல் சனிக்கிழமை வண்டி நிக்கணும்மா. இல்லன்னா ஜூஸ்கார ஷேக் தாவூதுக்குக் குடுத்துடுவேன். அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார் அழகிரி. ராத்திரி வண்டியை அவர் கொல்லையில் விட்டுக்கொள்ளலாம். காலையில் ஆனந்தவள்ளியே தெருவுக்குத் தள்ளிவர வேண்டும்.

"வண்டிய நான் செய்வேன்" என்றார் அடைக்கலம். பட்டறை மூடிய பிறகு அவர் குரல் வாசலைத் தாண்டி வந்தது அன்றுதான்.

பழைய இரும்புக் கடையிலிருந்து தகடு வந்தது. வியாழக்கிழமை வண்டி தயார். ஒவ்வொரு இணைப்பிலும் காவிரி மணலில் காற்று போட்ட மாதிரி வரிகள். ஆனந்தவள்ளி சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினார். நகரவில்லை. இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். பழம் நசுங்கவே இல்லை.

"ஏங்க, எவ்வளவு கனத்துல தகடு போட்டீங்க?"

"எட்டு எம்.எம். அதுக்குக் கீழ நான் தொட்டதே இல்லையே."

"இட்லிதானங்க வேகணும்? கரண்டா எடுக்கப் போறோம்?"

தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நடுவில் இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும்.

அறுத்தாக வேண்டும். அவருக்குக் கை வரவில்லை. பட்டறையில் கேஸ் கட்டிங் செய்த வீரமலையைக் காலையில் அழைத்துவந்தார். அவர் இப்போது அடுக்குமாடி வாட்ச்மேன். தொப்பியோடு வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

"மாப்ள, யானை ஏறுனாலும் தாங்கும்டா."

"கேலி பண்ணாம அறு."

"உன் வெல்டிங்கையா? பாவம்டா."

"நான் திரும்பி நின்னுக்கறேன்."

நீலத் தீ நாக்கு நீட்டியது. முதுகு காட்டி நின்றவர் கொஞ்ச நேரம்தான் தாங்கினார். "கோணலாப் போவுதுடா, இப்படிக் குடு!" என்று பாய்ந்து வந்தார். அப்புறம் பட்டறை இரைச்சலில் கத்திப் பழகிய இருவரும், ஓசையில்லாத எங்கள் தெருவில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே வேலை செய்தார்கள். சட்டத்துக்குக் குழாய், பக்கங்களுக்கு மெல்லிய தகடு. பொழுது சாய்வதற்குள் ஆனந்தவள்ளி ஒற்றைக் கையால் தள்ளினார். வண்டி கையை விட்டு ஓடி எதிர்வீட்டு கேட்டில் முட்டி நின்றது. தெரு கைதட்டியது.

சனிக்கிழமை விடியலில் குட்டியானை லாரியில் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டியது வண்டி. பெருமாளைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் வெயில் ஏறுவதற்குள் மாவைத் தீர்க்கப் பார்த்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷேக் தாவூது வந்தார். சண்டைதான் என்று அழகிரி கடையை விட்டு இறங்கினார். வந்தவரோ குனிந்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"எங்கண்ணே வாங்குனீங்க?" என்று தட்டு கழுவிக்கொண்டிருந்த அடைக்கலத்தைக் கேட்டார்.

"வாங்கல. செஞ்சேன்."

"எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. வேற இடம் புடிச்சிட்டேன்."

அடைக்கலம் கையைத் துடைத்துக்கொண்டு வீரமலைக்கு ஃபோன் போட்டார். "மாப்ள, இன்னொரு வண்டிடா!"

"கேட் சாவிய செக்ரட்டரி கையில குடுத்துட்டு வரேன், இரு!"

அந்தக் கத்தல், தட்டோடு நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.