ஆடிப்போன படத்தைத்தான் நம்பினார்

போடியில் நான் வேலை செய்யும் ஏலக்காய்க் கடையில், வெளியூர் வியாபாரிகளுக்குக் காயைப் படமெடுத்து அனுப்பும் வேலை நேற்றுதான் எனக்குக் கிடைத்தது.

முதல் படத்தைப் பார்த்த மதுரைக்காரர், "பழைய காயை என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"நாளைக்கும் இப்படின்னா நீ பழையபடி காய் பொறுக்கவே போயிரு ஆத்தா," என்றார் முதலாளியக்கா.

இரவெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தேன். அடியில் விரித்த வெள்ளைத்தாளும் மஞ்சளாக இருந்தது. எல்லாம் குண்டு பல்பின் வேலை!

இன்று அதே காயை ஜன்னலோரம் வைத்து எடுத்தேன். பச்சைப்பசேல் என்று வந்தது.

அனுப்பியதும் மதுரைக்காரரிடமிருந்து போன். "என்னம்மா, சாயம் கீயம் போட்டீங்களா?"

அக்கா என்னை முறைத்தார். நடுங்கிக்கொண்டே காயை உள்ளங்கையில் அள்ளி, இன்னொரு படம் எடுத்து அனுப்பிவிட்டேன். பார்த்தால் படம் ஆடிப்போயிருந்தது.

"ஆங், இது நெசமான காயி. வெரசா லோடு ஏத்துங்க," என்றார் மதுரைக்காரர்.

"இனிமே இப்படியே எடு ஆத்தா," என்றார் அக்கா.

கையில் வைத்ததால் நம்பினாரா, ஆடியதால் நம்பினாரா? தெரியவில்லை. நாளைக்கும் நடுங்க என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.