லோர்னுக்கு நான் வைத்த பெயர்

"உங்க வீட்டுக்கு எவ்வளவு சூடு வேணும்?"

எங்கள் நிலவறைப் படியில் உட்கார்ந்து லோர்ன் பிலிச்சுக் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. வீடு முழுவதையும் சூடாக்கிவந்த எங்கள் பழைய ஃபர்னஸ் அந்த அக்டோபரில் விரிசல் விட்டிருந்தது. எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அது இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

"பழசு என்ன அளவோ அதையே போட்டுடுப்பா," என்றார் அப்பா.

"பழசு போட்டப்போ இந்தச் சுவருக்குள்ள குளிரைத் தடுக்குற பஞ்சு கிடையாது, கார்னெட். ஜன்னலும் ஒத்தக் கண்ணாடி. இப்ப அப்படியா?"

லோர்ன் பூட்ஸைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வீட்டை அளந்தார். ஜன்னல்களை எண்ணினார். என் கட்டிலுக்கு அடியில்கூடத் தவழ்ந்து போய்ச் சூடான காற்று வரும் துவாரத்தைப் பார்த்தார். பிறகு கட்டத்தாளில் கணக்குப் போட்டு, பழையதில் பாதி அளவு போதும் என்றார்.

அவர் முதலில் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். அதை இடித்த பிறகு, நாற்பத்தொரு வயதில் தொழிற்பள்ளிக்குப் போய், என் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து ஃபர்னஸ் பொருத்தும் வேலையைப் படித்தார். புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போவார் என்று அவர் மனைவி மருஸ்யா சொல்வார்.

மறுநாள் நகரத்திலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். பழைய ஃபர்னஸில் அளவு பொறித்திருந்த தகட்டை மட்டும் படித்தார். "மைனஸ் நாப்பதுல இதைவிடப் பெருசு இருந்தாத்தாங்க நிம்மதி," என்றார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

"பெருசே வாங்கலாம்ப்பா," என்றேன். குளிர் என்றால் இங்கே எல்லோருக்கும் பயம்தான். அப்பா நான் சொன்னதைக் கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நான், பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் அரங்கின் கேன்டீனில் வேலை பார்த்தேன். காலை பத்து மணிக்கு ஊர் ஆண்கள் பாதிப் பேர் அங்கே காபிக்கு வருவார்கள்.

"லோர்ன் எங்க தலையில எதைக் கட்டப் பார்த்தாரு தெரியுமா? பொம்மை வீட்டுக்குப் போடுற ஃபர்னஸ்!"

மேசை குலுங்கச் சிரித்தார்கள். "கட்டிலுக்கு அடியில வேற புகுந்து தேடினாரு," என்று சேர்த்தேன். இன்னும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் ஊரே அவரைப் 'பொம்மை வீடு' என்றது. அவரைக் கூப்பிட்டிருந்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு அது தெரியும். பேசாமல் இருந்தேன்.

ஜனவரியில் எங்கள் புது ஃபர்னஸ் ஐந்து நிமிடம் உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். கூடம் கொதிக்கும், என் அறை ஜன்னலில் உள்பக்கம் பனி படரும். மைனஸ் முப்பத்தெட்டு இருந்த ஒரு காலையில் அடியோடு நின்றுவிட்டது. விற்ற கம்பெனி, வர மூன்று நாள் ஆகும் என்றது.

"லோர்னைக் கூப்பிடு," என்றார் அப்பா.

"நீங்களே கூப்பிடுங்கப்பா."

"வாய் உன்னோடதுதானே? நீயே கூப்பிடு."

இருபது நிமிடத்தில் வந்தார். அதே கம்பளிச் செருப்பு. நான் டார்ச் பிடித்தேன்.

"இவ்வளவு சூட்டை இந்தச் சின்னக் குழாய் வெளிய தள்ளாது. உள்ளயே தேங்கும். அதான் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்குது. அணைஞ்சு அணைஞ்சு சுவிட்சே போச்சு." புது சுவிட்சைத் திருகினார். "கொஞ்சம் கீழ பிடி. பொம்மை வீடுன்னு சொன்னது நீதானா?"

"ஆமா."

"நல்ல ஜோக்தான். மருஸ்யாகூட முதல்ல சிரிச்சா. வேலை வர்றது நின்னப்புறம்தான் அழுதா."

மன்னிப்புக் கேட்காமலே டார்ச்சைக் கீழே இறக்கிப் பிடித்தேன். அவர் சுவிட்சைப் பொருத்தி முடித்ததும் ஃபர்னஸ் மறுபடி உறுமியது.

மறுநாள் பத்து மணிக்கு அந்த மேசைக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கணக்குதான் சரி, நான்தான் முட்டாள் என்றேன்.

"விடு ஷெல்பி," என்றார் நெல்ஸ் என்ற கிழவர். "அந்தப் பேரு அவனுக்கு நல்லா ஒட்டிக்கிச்சு." மறுபடி சிரித்தார்கள்.

லோர்ன் இப்போது வேலைக்காகத் தினமும் தொண்ணூறு கிலோமீட்டர் பனியில் ஓட்டிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போகிறார்.

அந்தச் சிரிப்பை என்னால் தனியாக அடக்க முடியவில்லை. அதனால் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது ஃபர்னஸ் வாங்கப் போனால் இதைச் சொல்லுங்கள். பழைய ஃபர்னஸைப் பார்த்து அளவு சொல்பவரை நம்பாமல், வீட்டை அளப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது, எங்கள் வீட்டை அளந்தவரைப் 'பொம்மை வீடு' என்று அல்ல, லோர்ன் பிலிச்சுக் என்று முழுப் பெயராலேயே சொல்லுங்கள்.