காஷ்மீர் வரை போன கோபம்

இன்று மதியம் ஃபேக்டரியில், என்னிடம் தொழில் கற்றவனையே எனக்கு மேலே சார்ஜ்மேனாகப் போட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் யாரிடம் போய்க் கத்துவது?

பாடியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கோபம் வந்தால் வழக்கமாகச் செய்வதுபோல் மனதுக்குள் ஒரு குளிர்ந்த ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அம்பத்தூர் ஏரி வந்தபோது, சாயங்கால வெளிச்சத்தில் அது காலண்டரில் பார்த்த காஷ்மீராகிவிட்டது. படகு மெதுவாகப் போயிற்று. கரையெல்லாம் பனி.

"அண்ணாத்தே, ஆவடி வந்துட்சு," என்று கண்டக்டர் தோளைத் தட்டினார்.

நான் இறங்க வேண்டிய திருமுல்லைவாயல் எப்போதோ போய்விட்டது.

திரும்பி நடந்து வீடு சேர்ந்ததும் மனைவி கேட்டாள், "இன்னிக்கு எந்த ஊருய்யா?"

வேலையில் சின்னத் திட்டு வாங்கினால் ஏற்காடு, பெரிய திட்டு என்றால் ஊட்டி. அவளுக்கு என் கணக்கு தெரியும்.

"காஷ்மீர்."

அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தினி ஊருக்கும் நீ தனியாதான் போய்கினு கீறே. பொங்கல் லீவுல ஏற்காட்டுக்கு நெசமாவே போலாம், நானும் வரேன். கோவம் இல்லாம போனா எப்டி கீதுன்னு பாக்கலாம்."

சரி என்றேன்.

கோபமில்லாமல் மலையேறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அங்கே போய் எதை நினைத்துக்கொண்டு உட்காருவது?